இழவும் இளிவும்

கொள்ளைநோய்த் துயரைக் காட்டும் ஆவணப் படங்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

அழுகையைப் பற்றித் தொல்காப்பியர் கூறும் கருத்தொன்று இன்றைய ஆவணப் படங்களை மதிப்பிடுவதற்கும் அளவுகோலாக அமைகின்றது. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுத்துக் கூறும் அப்பேராசிரியர், அழுகை தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்கின்றார். உற்றாரை இழத்தலாகிய இழவு அவற்றுள் ஒன்று. ஆனால் அஃதொன்றே அழுகைக்குக் காரணம் என்று அவர் கருதவில்லை. பிறரால் எளியராக்கப்பட்டு மானம் குன்றுதலாகிய இளிவையும் அவர் அதனோடு சேர்த்து எண்ணுகின்றார். இறப்பு தரும் கண்ணீர் வேறு. இழிவு தரும் கண்ணீர் வேறு. இரண்டும் ஒரே கண்ணிலிருந்துதான் வருகின்றன. ஆயினும் அவற்றின் ஊற்று ஒன்றன்று.

முதுமையுற்ற தந்தை ஒருவர் தம் வீட்டில், மக்கள் சூழ, அமைதியாகக் கண் மூடுகின்றார். அவ்வீட்டில் எழும் அழுகை இழவினால் வருவது. சுற்றத்தார் வருகின்றனர், உடலை நீராட்டுகின்றனர், வாய்க்கரிசி இடுகின்றனர், மகன் கொள்ளி வைக்கின்றான். துயரம் குறைவதில்லை. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்னும் ஓர் ஆறுதல் இருக்கின்றது. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாக் கொள்ளைநோய் அந்த ஆறுதலைத்தான் முதலிற் பறித்தது. தந்தையின் முகத்தை இறுதியாகப் பார்க்க மகளுக்கு இசைவில்லை. உடல் உறையிலிட்டு மூடப்பட்டது. எரியூட்டும் நேரத்தை வேறு எவரோ குறித்தனர். அங்கே எழுந்த அழுகை இழவும் இளிவும் கலந்த அழுகை. இக்கலப்பை உணராமல் எடுக்கப்படும் படம் எத்துணைக் கண்ணீரைக் காட்டினாலும் அரைப்படமே என்பது நம் கருத்து.

கையற்ற நிலை

தலைவனை இழந்தோர் புலம்பும் புலம்பலைக் கையறுநிலை என்று நம் முன்னோர் பெயரிட்டனர். காஞ்சித்திணையின் துறைகளுள் அதுவும் ஒன்று. அப்பெயரின் பொருள் ஆழமானது. துயருற்றவன் கண்ணீர் உடையவன் என்று அவர்கள் கூறவில்லை; செயலற்றவன் என்று கூறினர். செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் நிலையே துயரத்தின் உச்சி. ஆதலால்தான் எல்லா நாட்டு மக்களும் இறந்தார்க்குச் செய்யும் கடன்களை வகுத்து வைத்தனர். அக்கடன்கள் இறந்தவருக்கு எவ்வளவு பயன்படும் என்பது சமயத்தார் ஆராயட்டும். இருப்பவருக்கு அவை ஒரு செயலைத் தருகின்றன. கையற்றவனுக்குக் கை தருகின்றன. இதில் ஐயமில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் அச்செயலும் தடுக்கப்படும்போது, துயருற்றவன் இருமுறை கையற்றவன் ஆகின்றான். இதனைத்தான் ஆவணப் படம் காட்ட வேண்டும். முகத்தின் மிக அருகே காமிராவைக் கொண்டு சென்று, கன்னத்தில் வழியும் நீரைக் காட்டுவது எளிது. எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் கண்ணீர் ஒரே நிறமுடையது. ஆனால் ஒருவருக்கு எந்தச் செயல் மறுக்கப்பட்டது, யார் மறுத்தார், அவருக்குப் பதிலாக அச்செயலை யார் செய்தார் என்பவை ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறுபடுவன. அவற்றைக் காட்டும்போதுதான் படம் ஆவணமாகின்றது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு படங்களைப் பார்ப்போம். மூன்று சீனத்தின் வூஹான் நகரைப் பற்றியவை. ஒன்று அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களைப் பற்றியது.

பெயரில்லாக் கைப்பேசிகள்

ஒரு கோடியே பத்து இலட்சம் மக்கள் வாழும் வூஹான் நகரம் 2020 சனவரி 23 ஆம் நாள் மூடப்பட்டது. சீனப் புத்தாண்டுக்கு இரண்டே நாட்கள் இருந்தன. ஏப்ரல் 8 ஆம் நாள்தான் அது திறக்கப்பட்டது. இடைப்பட்ட 76 நாட்களையே தலைப்பாகக் கொண்டு, 'செவன்டி சிக்ஸ் டேஸ்' என்னும் படம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. இதனை இயக்கியவர் மூவர். திரு. ஹாவ் வூ அமெரிக்காவில் இருந்துகொண்டு படத்தைத் தொகுத்தார். திரு. வெய்ஸி சென்னும் மற்றொருவரும் வூஹான் மருத்துவமனைகளுக்குள் சென்று படம் பிடித்தனர். அந்த மற்றொருவரின் பெயர் படத்தில் இல்லை. 'பெயர் வெளியிடாதவர்' என்றே குறிக்கப்பட்டுள்ளது.

படம் தொடங்கியதும் நாம் காண்பது, தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடை அணிந்த ஒரு பெண். அவர் மருத்துவமனையில் பணிபுரிபவர். அவருடைய தந்தை சற்று முன்னர் இறந்துவிட்டார். தந்தையின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் கதறுகின்றார். உடன் பணிபுரிவோர் அவரைப் பிடித்து நிறுத்துகின்றனர். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர், அவர்களும் கலங்குகின்றனர். ஆனால் விடமாட்டார்கள். அவரும் நோயுற்றால் என் செய்வது என்பது அவர்கள் கவலை. அன்று பிற்பகலிலும் வேலை காத்திருக்கின்றது.

இக்காட்சியின் சிறப்பு யாது? அப்பெண்ணின் முகம் நமக்குத் தெரிவதில்லை. கண்ணீரும் தெரிவதில்லை. உடையும் கண்ணாடியும் எல்லாவற்றையும் மறைத்துவிட்டன. நமக்குத் தெரிவது ஓர் உடலின் தவிப்பும் ஒரு குரலும் மட்டுமே. தந்தையை நோக்கிச் செல்ல முயலும் கால்கள்; அவற்றைத் தடுக்கும் கைகள். கையறுநிலை என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த காட்சி விளக்கம் கிடைப்பது அரிது. விளக்கவுரை கூறுவார் இல்லை. நேர்காணல் இல்லை. அழுகின்றவரிடம் சென்று, இப்போது உங்கள் மனநிலை எப்படி என்று கேட்கும் மடமையும் இல்லை.

அடுத்து நம் உள்ளத்தைத் தொடுபவர் ஒரு செவிலியர். இறந்தவர்களின் அடையாள அட்டைகளும் கைப்பேசிகளும் ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அவர் அவற்றைக் கிருமிநீக்கி மருந்தால் துடைத்துப் பாதுகாக்கின்றார். உரியவர் இல்லாத கைப்பேசி ஒன்று ஒலிக்கின்றது. படத்தின் இறுதிப் பகுதியில் அவர் இறந்தவர்களின் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பொருள்களை ஒப்படைக்கின்றார். தாயின் பொருளைப் பெற்றுக்கொள்ளும் மகள் உடைந்து அழ, செவிலியர் மன்னிப்புக் கேட்பவர்போல நிற்கின்றார். இச்செவிலியர் செய்தது மருத்துவம் அன்று, நீத்தார் கடன். பிள்ளைகள் செய்திருக்க வேண்டிய ஒரு கடனை, முன்பின் அறியாத ஒருத்தி அவர்களுக்காகச் செய்தாள். பறிக்கப்பட்ட செயல் யார் கைக்குச் சென்றது என்பதைக் காட்டுவதால் இக்காட்சி நிலைபெறுகின்றது.

ஆயினும் இப்படத்தின் குறையையும் கூறியாக வேண்டும். மருத்துவர்களும் செவிலியர்களும் தத்தம் உடையின்மீது பெயரை எழுதிக் கொள்கின்றனர். படமும் வரைந்து கொள்கின்றனர். ஒருவரையொருவர் அடையாளம் காண்பதற்கு வேறு வழியில்லை. அவர்கள் பெயரை நாம் படிக்கின்றோம். இறந்தவர் பெயர்கள்? அவை அட்டைகளில் இருக்கின்றன. அட்டைகள் பெட்டியில் இருக்கின்றன. எந்த ஒருவருடைய வாழ்க்கையும் நமக்குத் தெரியவில்லை. அவர் என்ன தொழில் செய்தார், எந்தப் பாட்டை விரும்பினார், யாரோடு பிணங்கினார் என்று அறிய வழியில்லை. மருத்துவமனைக்குள் நின்ற காமிரா, நோயாளி உள்ளே வருமுன் இருந்த மனிதரைப் பார்த்ததில்லை. அன்றியும், இத்துணைப் பேர் கதவைத் தட்டும் நிலை ஏன் வந்தது என்னும் கேள்வியையும் படம் எழுப்பவில்லை. இழவை மிக நுட்பமாகக் காட்டிய இப்படம், இளிவின் வாயிலில் வந்து நின்றுவிட்டது. மருத்துவமனைக்குள் படமெடுக்க இசைவு பெற்றவர்கள் எதை எல்லாம் கேட்க முடியும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் பெயரைக்கூட வெளியிட முடியாத ஒருவர் எடுத்த படம் அல்லவா?

சாம்பலுக்குக் காவல்

இளிவின் வாயிலைக் கடந்து உள்ளே சென்றவர் திரு. ஐ வெய்வெய். சீனச் சிற்பியும் ஓவியருமான இவர் தம் நாட்டை விட்டு ஐரோப்பாவில் வாழ்ந்தவர். வூஹானில் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு படம் பிடிக்கச் செய்து, தாம் தொலைவில் இருந்தபடியே இயக்கிய 'காரனேஷன்' என்னும் படத்தை 2020 ஆகஸ்டில் வெளியிட்டார். கொரோனா என்னும் சொல்லுக்கு முடி என்பது பொருள். முடிசூட்டு என்று தலைப்பிட்டதில் ஓர் அங்கதம் உண்டு. இந்நோயின் பெயரால் முடிசூட்டிக் கொண்டது அரசின் அதிகாரமே என்பது அதன் குறிப்பு.

இப்படத்தின் பகுதிகளுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. தந்தையை இழந்த மகன் ஒருவர் அவருடைய சாம்பலைப் பெற்றுக்கொள்ள விரும்புகின்றார். 2020 பிப்ரவரி முதல் நாளில் சீன அரசு பிறப்பித்த விதியின்படி, இந்நோயால் இறந்தோர் உடல் அருகிலுள்ள இடத்தில் விரைந்து எரிக்கப்பட வேண்டும். விடைகொடுக்கும் சடங்கு எதுவும் கூடாது. மார்ச் மாத இறுதியில்தான் குடும்பத்தார் சாம்பலைப் பெற இசைவு கிடைத்தது. அப்போதும் தனியே செல்ல முடியாது. பணியிடத்திலிருந்தோ குடியிருப்புக் குழுவிலிருந்தோ ஒருவர் உடன் வர வேண்டும். தந்தையின் சாம்பலை வாங்க மகனுக்கு ஒரு காவலாள்! படத்தில் வரும் மகன் அதனை ஏற்க மறுக்கின்றார். என் தந்தையோடு நான் தனியே இருக்க விரும்புகின்றேன் என்பதே அவருடைய கோரிக்கையின் சாரம். அதற்காக அவர் அலுவலகம் அலுவலகமாகச் செல்ல வேண்டியிருக்கின்றது.

இங்கே கண்ணீர் மிகக் குறைவு. ஆனால் காண்பவர் நெஞ்சு கனக்கின்றது. ஏனெனில் இது இளிவு. தந்தை இறந்ததைவிட, தந்தைக்காக அழவும் ஒருவரிடம் இசைவு கேட்க வேண்டியிருக்கின்றதே என்பதுதான் அந்த மகனைச் சுடுகின்றது. இழவு மனிதனைத் தளர்த்துகின்றது. இளிவு அவனை நிமிர்ந்து நின்று கேட்கச் செய்கின்றது. இவ்வேறுபாட்டை ஐ வெய்வெய் நன்கு உணர்ந்தவர். 2008 மே 12 இல் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து மாணவர்கள் மாண்டபோது, அவர்களுடைய பெயர்ப் பட்டியலை அரசு வெளியிடவில்லை. தன்னார்வலர்களைத் திரட்டி வீடு வீடாகச் சென்று ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைத் தொகுத்தவர் இவரே. பெயரைக் கேட்பது துயருற்றோரின் உரிமை என்பது அவருடைய நீண்டநாட் கொள்கை.

இப்படத்திலும் குறை உண்டு. வானூர்தியிலிருந்து பார்ப்பதுபோல் நகரின் ஆளற்ற சாலைகளையும் பெருங்கட்டடங்களையும் படம் அடிக்கடி காட்டுகின்றது. அழகிய காட்சிகள் அவை. ஆனால் மேலிருந்து பார்க்கும் கண் யாருடைய கண்? அதிகாரத்தின் கண் அன்றோ? அதிகாரத்தைக் கண்டிக்கும் படம் அதிகாரத்தின் பார்வையையே கடன் வாங்கியதுபோல் தோன்றுகின்றது. மகன் நடந்து செல்லும் காலடிகளோடு காமிராவும் நடந்திருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும்.

ஏன் என்று கேட்ட பெண்மணி

மூன்றாவது படம் 'இன் தி சேம் பிரெத்'. 2021 இல் வெளிவந்தது. இயக்கியவர் நான்ஃபு வாங் அம்மையார். சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர். 2020 சனவரியில் தம் சிறு மகனைச் சீனத்திலிருந்த தாயாரிடம் விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பியிருந்தார். அந்நிலையில்தான் நகரம் மூடப்பட்ட செய்தி வந்தது. ஆதலின் இப்படம் அவருக்கு வெறும் தொழில் அன்று.

2020 புத்தாண்டு நாளில் வூஹான் மக்கள் ஆரவாரித்து மகிழ்ந்ததையும், அதே நாளில் 'வதந்தி பரப்பிய எண்மர்' மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாகச் செய்தி வாசிக்கப்பட்டதையும் அருகருகே வைத்து அம்மையார் தம் வழக்கைத் தொடங்குகின்றார். நோய் முதலில் கண்டறியப்பட்ட சந்தைக்கு அருகே சிறு மருத்துவகம் நடத்திய ஒரு தம்பதியரைப் பற்றிய பகுதி மறக்க இயலாதது. அங்கே பொருத்தியிருந்த கண்காணிப்புக் காமிரா, காய்ச்சலோடு வந்தவர்களையெல்லாம் பதிவு செய்திருந்தது. ஒன்றும் அறியாமல் அவர்களுக்கு மருத்துவம் செய்த கணவர் பின்னர் அந்நோயாலேயே இறந்தார். மனைவி அதனைக் கூறுகின்றார். நாமோ அக்கணவர் நடமாடுவதை மேலிருந்து பார்க்கும் அந்தச் சிறு காமிராவின் வழியே காண்கின்றோம். அவருக்கு வரப்போவது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. யாரேனும் ஒருவர் முன்னரே உண்மையைச் சொல்லியிருந்தால் என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்குவதில்லை.

அம்மையார் சீன அரசை மட்டும் குறை கூறுவதோடு நிற்கவில்லை. அமெரிக்காவிலும் உண்மை மறைக்கப்பட்டதையும், பேசத் துணிந்த செவிலியர் வாய்மூடப்பட்டதையும் காட்டுகின்றார். இது நடுவுநிலைமையின் பொருட்டு மட்டும் செய்யப்பட்டதன்று. இளிவு என்பது ஒரு நாட்டின் தனிச்சொத்தன்று என்பதே அவர் நிறுவ விரும்பியது.

ஆனால் வழக்குரைக்கும் படத்துக்கு ஓர் இடர் உண்டு. துயருற்றோர் அங்கே சாட்சிகளாகிவிடுகின்றனர். ஒருவர் அழுகை முடியுமுன் அடுத்த சான்று வந்துவிடுகின்றது. கேள்வியின் வேகத்தில் துயரத்தின் நடை தடுமாறுகின்றது. முதற்படம் காரணத்தை விட்டது. இப்படம் காரணத்தைப் பற்றியது, ஆனால் அழுவோர் அருகில் நெடுநேரம் அமர்ந்திருக்க இதற்குப் பொழுதில்லை.

தைத்தவர் கை

வூஹானில் இறந்தோர் தொகையை 2020 ஏப்ரல் 17 இல் அரசு திருத்தி 3,869 என அறிவித்தது. முன்னர் கூறிய தொகையினும் 1,290 மிகுதி. ஒரே நாளில் ஏட்டில் ஏறிய அந்த 1,290 பேரும் எண்களாகவே ஏறினர். எண்ணைப் பெயராக்குவது எப்படி? இக்கேள்விக்கு விடை காண நாம் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அமெரிக்கர் திரு. ராப் எப்ஸ்டீன், திரு. ஜெஃப்ரி ஃபிரீட்மன் இருவரும் 1989 இல் எடுத்த 'காமன் திரெட்ஸ்' என்னும் படம் அதற்கு விடை கூறுகின்றது. அவ்வாண்டின் சிறந்த முழுநீள ஆவணப் படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது அது.

எய்ட்ஸ் நோயால் இறந்தோருக்கு அமெரிக்காவில் நேர்ந்த இளிவு கொடியது. ஈமப்பணி நிலையங்கள் பல அவர்களுடைய உடலை ஏற்க மறுத்தன. நோயின் பெயரைச் சொல்லக் குடும்பங்கள் நாணின. அந்நிலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் திரு. கிளீவ் ஜோன்ஸ் என்பார் ஒரு வழி கண்டார். இறந்த ஒவ்வொருவருக்கும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள ஒரு துணியைத் தைத்து, அதில் அவர் பெயரைப் பொறிப்பது. ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு அது. அத்துணிகளை ஒன்றோடொன்று இணைத்தால் ஒரு பெரும் போர்வை. 1987 அக்டோபர் 11 ஆம் நாள் வாஷிங்டன் நகரின் நடுத்திடலில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. பின்னர் அவை ஏறத்தாழ 50,000 ஆகப் பெருகின.

படம் ஐவருடைய வாழ்க்கையைத் தேர்ந்துகொள்கின்றது. ஒருவர் ஒலிம்பிக் விளையாட்டு வீரர். ஒருவன் இரத்தம் உறையாக் குறையுடன் பிறந்த சிறுவன். மற்றவர்களும் இவ்வாறே வெவ்வேறு நிலையினர். தாயும் தந்தையும், மனைவியும், துணைவரும் நம்முன் அமர்ந்து பேசுகின்றனர். அவர்கள் அழுதவாறே பேசுவதில்லை. சிரிக்கவும் செய்கின்றனர். இறந்தவருடைய குறும்புகளையும் கூறுகின்றனர். இறுதியில் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கப்படுகின்றன, போர்வை விரிகின்றது.

மற்ற மூன்று படங்களிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கின்றது. துயருற்றோர் கையில் ஊசியும் நூலும் உள்ளன. அவர்கள் கையற்றவர் அல்லர். மறுக்கப்பட்ட சடங்குக்கு ஈடாக ஒரு புதிய சடங்கை அவர்களே படைத்துக்கொண்டனர். படமெடுத்தவர்கள் செய்தது அதனை மதித்துப் பின்தொடர்ந்தது மட்டுமே. நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு அதில் பெயர் பொறித்ததும் இவ்வகைப்பட்டதே. கல்லுக்கும் துணிக்கும் வேறுபாடு இல்லை. பெயரைப் பொறிக்கும் கைதான் முதன்மை.

இவ்வெற்றிக்குக் காரணம் இயக்குநர் திறன் மட்டும் அன்று, காலமும் காரணம். எய்ட்ஸ் நோய் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானது 1981 இல். படம் வந்தது 1989 இல். எட்டாண்டுத் துயரம் அதற்குள் ஒரு வடிவம் பெற்றிருந்தது. வூஹான் படங்களுக்கு அந்த எட்டாண்டு இல்லை.

ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். கண்ணீரைக் காட்டாமல் இருந்தால் மக்கள் நம்புவார்களா? நோயே பொய் என்று கூறியவர்கள் இருந்தார்களே! அவர்களுக்கு அழுகின்ற முகத்தைக் காட்டியே ஆக வேண்டாமா? இத்தடையில் உண்மை உண்டு. 2020 இல் எடுத்த படங்கள் அப்பணியைச் செய்தன. நடந்தது நடந்ததுதான் என்று சான்று கூறின. அதற்காக அவற்றை எடுத்தோர் தம் உயிரையும் பணயம் வைத்தனர். அவர்களை நாம் போற்ற வேண்டும்.

ஆனால் சான்று கூறுவது வேறு. துயர் ஆற்றுவது வேறு. அழுகின்ற முகத்தின் உரிமை அழுகின்றவருடையது. உடல் எடுத்துச் செல்லப்படும் அந்த நொடியில், படமெடுக்கலாமா என்று கேட்பதற்கும் வழியில்லை. வேண்டாம் என்று கூறுவதற்கும் அவருக்கு வலுவில்லை. அந்நொடியில் பதிந்த முகத்தை ஆண்டுகள் கழிந்தபின் அவருடைய பேரப்பிள்ளைகளும் காண்பர். 'செவன்டி சிக்ஸ் டேஸ்' படத்தின் முதற்காட்சியில் பாதுகாப்பு உடை அப்பெண்ணின் முகத்தை மறைத்தது தற்செயல். அத்தற்செயலே ஒரு நெறியைக் கற்பிக்கின்றது. முகம் மறைந்தும் துயரம் மறையவில்லை. ஆகவே முகம் இன்றியும் உண்மையைக் கூற இயலும் என்பது தெளிவாகின்றது.

எடுக்கப்பட வேண்டிய படம்

கொள்ளைநோய்த் துயரைப் பற்றிய படம் இருமுறை எடுக்கப்பட வேண்டியது என்பது இதுவரை கூறியவற்றால் பெறப்படும். முதற்படம் நோயின் நடுவே, சான்றுக்காக. இரண்டாவது படம் ஆண்டுகள் கழிந்தபின், பெயருக்காகவும் கடனுக்காகவும். முதற்படங்கள் வந்துவிட்டன. இரண்டாவது படத்துக்குரிய காலம் இப்போதுதான் கனிந்திருக்கின்றது.

இதனை வூஹான் மக்களின் கடமை என்று மட்டும் கருதி நாம் வாளாவிருக்கலாகாது. மலேசியாவில் இந்நோயால் இறந்தோர் 37,000க்கும் மேற்பட்டவர். 2020 மார்ச் 18 ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜோகூர்ப் பாலமும் பொதுமக்கள் போக்குவரத்துக்கு அடைபட்டது. ஏப்ரல் 7 இல் சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு தொடங்கியபோது, இறுதிச் சடங்கில் கூடுவோர் பத்துப் பேருக்கு மேற்படலாகாது என்றாயிற்று. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். அந்த ஈராண்டில், பாலத்தின் ஒரு கரையில் தாய் இறக்க, மறுகரையில் மகன் கைப்பேசித் திரையில் கொள்ளி வைக்கக் கண்ட குடும்பங்கள் எத்தனை! பதினாறாம் நாள் கருமாதியைத் தொலைவிலிருந்தே முடித்தவர்கள் எத்தனை! தாய் நோயால் இறக்காதிருக்கலாம், முதுமையால் இறந்திருக்கலாம். ஆயினும் அம்மகனுக்கு நேர்ந்த கையறுநிலை கொள்ளைநோய் தந்ததே. எந்தக் கணக்கேட்டிலும் அது ஏறவில்லை.

விதிகள் வேண்டாதவை என்று நாம் கூற வரவில்லை. அவை பல உயிரைக் காத்தன. ஆனால் விதி நியாயமானது என்பதால் அது தந்த வலி இல்லையென்று ஆகிவிடாது. சரியான விதியும் ஒருவரைக் கையற்றவராக்கும். வலியைக் கூறுவது விதியைப் பழிப்பதாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் படமே நமக்கு வேண்டும்.

அதனை எடுக்க முன்வரும் இளைஞர் எவரேனும் இருப்பின் அவர்க்குச் சிலவற்றைக் கூறலாம். கண்ணீருக்காகக் காத்திராதீர்கள். அன்று என்ன செய்ய விரும்பினீர்கள், எது முடியாமற் போயிற்று என்று கேளுங்கள். விடை கூறக் காலம் கொடுங்கள். இறந்தவருடைய பெயரை முழுமையாக, அவர் வீட்டார் அழைத்தவாறே கூறச் செய்யுங்கள். அவர் பயன்படுத்திய பொருளை, அவர் கைபட்ட இடத்தைக் காட்டுங்கள். எடுத்த படத்தை ஊராருக்குக் காட்டுமுன் அவ்வீட்டாருக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் கூறும் பகுதியை நீக்குங்கள். அன்று செய்ய முடியாத கடனை அவர்கள் இன்று செய்ய விரும்பினால், பாலத்தைக் கடந்து சென்று தாயின் படத்துக்கு ஒரு மாலை அணிவிக்க விரும்பினால், காமிராவோடு நீங்களும் உடன் செல்லுங்கள்.

இழவை எவராலும் ஈடுசெய்ய இயலாது. இறந்தவர் மீளமாட்டார். ஆனால் இளிவு அத்தகையதன்று. மறுக்கப்பட்டது இது என்று ஒருவர் கேட்டு, மற்றவர் செவிசாய்த்து, பெயர் ஒன்று உரக்க ஒலிக்கும்போது அதன் பாரம் சிறிதேனும் குறைகின்றது. அதனைச் செய்ய வல்ல கலை ஒன்று நம் கையில் இருக்கின்றது. அன்று தாயின் அருகில் செல்ல முடியாமற் போன மக்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் நினைவு மங்குமுன் அப்படம் வருதல் வேண்டும்.